ஆறிய பிறகு அடைக்கவும்

நான் வேலை செய்யும் இடத்தை, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் ஆட்கள் கரி ஸ்டோரு என்பார்கள். எங்கள் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்கு ஸ்டோரு என்றுதான் பேர். வட்டகொடையில் ரயிலை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே அரை மணி நேரம் ஏறினால் இந்த ஸ்டோரு வரும். பல வருடம் மூடிக் கிடந்தது. தேயிலைக் கொழுந்தை வேறு தோட்டத்துக்கு அனுப்ப ஆரம்பித்ததும் மெஷின்களைக் கழற்றி விற்றுவிட்டார்கள். பின்னால் ஓடும் ஆற்றில் தண்ணீரால் சுற்றும் பழைய மின்பொறி ஒன்று மட்டும் மிச்சம். அந்தக் கரண்டை நம்பித்தான் சோடியம் பேட்டரிக்கான தூள் செய்யும் திட்டம் இங்கே வந்து சேர்ந்தது. சாயங்காலம் நாங்கள் உடுப்பெல்லாம் கறுப்போடு வெளியே வருவதைப் பார்த்தவர்கள் வேறென்ன பேர் வைப்பார்கள்?

என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. ரயிலில் கேட்டார்கள், கல்யாண வீட்டில் கேட்டார்கள், பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டர் கேட்டார். இங்கேயும் ஒரு முறை சொல்லித் தொலைக்கிறேன். போன் பேட்டரியில் இருப்பது லித்தியம். அது எல்லா ஊரிலும் கிடைக்காது. சோற்றில் போடும் உப்பில் இருக்கும் சோடியத்தை வைத்தும் பேட்டரி செய்யலாம். அதன் நேர்மின் பக்கத்துக்கு ஒரு கறுப்புத் தூள் வேண்டும். நிக்கல், இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளைச் சோடியம் கார்பனேட்டோடு அரைத்து, உலையில் மணிக்கணக்காகச் சுட்டால் அந்தத் தூள் வரும். உள்ளே அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் சோடியம் குடியிருக்கும். சார்ஜ் ஏற்றினால் அது வெளியே போகும், கரண்டை எடுத்தால் திரும்பி வந்து அடுக்குக்குள் உட்காரும். இந்தப் போக்குவரத்துக்குப் பேர்தான் பேட்டரி.

தூளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். குடித்தால், அடுக்குக்குள் இருக்க வேண்டிய சோடியம் வெளியே வந்து, கரியமில வாயுவோடு சேர்ந்து மேலே சலவைச் சோடா போன்ற காரமாகப் படிந்துவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கறுப்பு கறுப்பாகவே இருக்கும். பிறகு அதைப் பசைக் கரைசலில் கலந்து அலுமினியத் தகட்டில் பூசப் போனால் அந்தக் குழம்பு ஜெலி மாதிரி உறைந்து நிற்கும். அத்தோடு அந்தத் தூள் குப்பைக்கு.

இப்படிப்பட்ட ஒன்றைச் செய்ய, பகல் பன்னிரண்டு மணிக்கும் பனி இறங்கும் ஊரில், கொழுந்து வாட்டுவதற்காக மாடி முழுக்க ஜன்னல் வைத்துக் கட்டிய கட்டடத்தைத் தேடிப் பிடித்தவர்களை என்ன சொல்வது? ஜன்னல்களுக்குப் பலகை அடித்தோம். ஓட்டைகளில் பஞ்சு திணித்தோம். கீழே ஓர் அறையை மட்டும் முழுசாக அடைத்து, ஈரம் உறிஞ்சும் மெஷினை வைத்து, உலர் அறை என்று பலகை மாட்டினோம். கட்டடம் எங்கள் பேச்சைக் கேட்கவேயில்லை. காற்றை உள்ளே இழுக்கப் பிறந்த கட்டடம் அது.

நான் ராகலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா ஸ்டோரில் வேலை செய்தார். சித்தப்பாவும் அங்கேதான். வீட்டுக்குள் நுழையும் எல்லாச் சட்டையிலும் தேயிலை வாசம் இருக்கும். நான் மட்டும் படித்து, ரசாயனத்தில் பட்டம் வாங்கி, பல வருடம் டியூஷன் வகுப்புகளில் தொண்டை வறளக் கத்தி, நாற்பதை நெருங்கும்போது இந்த வேலைக்கு வந்தேன். ஹட்டனில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். காலை ரயில் பிந்தினால் மலையில் ஓட வேண்டும், சாயங்கால ரயில் பிந்தினால் ஸ்டேஷன் பெஞ்சில் குளிரில் சுருண்டு கிடக்க வேண்டும். எந்த வேலையிலும் கொஞ்ச நாளில் அலுப்பு வரும் என்பார்கள். எனக்கு முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. உடம்பு அலுப்பு ஒரு பக்கம். மாதக் கடைசியில் கொழும்பு அலுவலகத்துக்கு அனுப்பும் அறிக்கை அலுப்பு இன்னொரு பக்கம்.

எனக்குக் கீழே மூன்று பெண்கள். மூவரும் பழைய ஸ்டோரில் தேயிலை சலித்தவர்கள். மூத்தவரை நான் அக்கா என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். ஸ்டோரை மூடியதும் அவரைக் கொழுந்து மலைக்கு அனுப்பினார்கள். பாதி ஆயுளைச் சமதரையில் நின்று கழித்தவருக்கு அந்த ஏற்றம் ஒத்துவரவில்லை. இரண்டு முழங்காலும் வீங்கின. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால், மலையில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு அரைப் பேர்தான் போடுவார். அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம். எங்கள் இடம் திறக்கப் போகிறது என்று கேள்விப்பட்டு முதல் ஆளாக வந்து நின்றது அவர்தான். மூன்று பேரையும் தற்காலிகமாகத்தான் எடுத்திருந்தோம். பெரிய உலையில் முதல் தடவை நல்ல தூள் வந்தால் நிரந்தரமாக்குவது என்று பேச்சு. அக்காவுக்கு அந்த நிரந்தரம் கிடைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் மறுபடி மலை. அதை அவர் என்னிடம் ஒரு தடவை சொன்னார், கெஞ்சாமல், மழை வரப் போகிறது என்று சொல்கிற மாதிரி.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. பூ வைக்க மாட்டார், தலைக்கு வாசனை எண்ணெய் வைக்க மாட்டார், பவுடர் பூச மாட்டார். தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்று பழைய ஸ்டோரில் பழகிய கட்டுப்பாடு. இங்கே அதெல்லாம் தேவையில்லை அக்கா என்றேன். சிரித்துவிட்டு மறுநாளும் அப்படியே வந்தார்.

திட்டத்துக்குத் தலைமை ஒரு விரிவுரையாளர். யாழ்ப்பாணத்துக்காரர், பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு மாதத்துக்கு ஒரு தடவை மேலே வருவார். நாங்கள் மேடம் என்போம். எப்படிச் செய்ய வேண்டும் என்று வரிக்கு வரி இங்கிலீஷில் எழுதித் தந்திருந்தார். பெண்களுக்காக அதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுவது என் பொறுப்பு.

உலையில் இருந்து எடுக்கும் இடத்துக்கு வந்ததும் என் பேனா நின்றது. தூள் இருநூறு பாகைச் சூட்டில் இருக்கும்போதே உருக்கு டப்பாவில் கொட்டி, மூடி, நேராக உலர் அறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மேடம் எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ட்ரையரில் இருந்து வந்த தேயிலையைச் சுடச்சுட அடைத்தால் பெட்டிக்குள் வியர்த்து, இரண்டே நாளில் புளித்த வாடை அடிக்கும். தட்டில் பரப்பி ஆற விட்டுத்தான் தொட வேண்டும். இது தோட்டத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். மேடத்துக்குக் கருவிகள் தெரியும், கட்டுரைகள் தெரியும், தூள் அடைக்கத் தெரியவில்லை பாவம் என்று நினைத்தேன். தட்டில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் அடைக்கவும் என்று எழுதினேன். மேடத்துக்குச் சொல்லவும் இல்லை. பெரிய உதவி செய்த திருப்தியோடு தாளை ஒட்டினேன்.

இந்தத் தூள் ஈரம் குடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நான்கு பக்கம் பதில் எழுதச் சொன்னால் சமன்பாடுகளோடு எழுதுவேன். எழுதுகிற நேரத்தில் அந்தப் படிப்பு எங்கே போனது என்று இன்றுவரை புரியவில்லை. ஸ்டோர்க்காரன் மகள் முந்திக்கொண்டு எழுதிவிட்டாள். அதற்கு முன் சின்ன உலையில் நானே விரல் அளவு தூள் செய்து, இடுக்கியால் எடுத்து உடனே மூடியிருந்தேன். அதெல்லாம் நன்றாக வந்தது. பெரிய உலைத் தூளைத்தான் முதல் தடவையாகத் தட்டில் பரப்பினோம். மாடியில், பலகை அடித்த ஜன்னல்களுக்குக் கீழே.

அன்று ரயில் ஒன்றேகால் மணி நேரம் பிந்தியிருந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. அறிக்கையை அனுப்பச் சொல்லிக் கொழும்பில் இருந்து இரண்டு தடவை போன். அக்கா மாடியில் இருந்து இறங்கி என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டார்.

"மிஸ், எடுக்கும்போது பொலபொலன்னு இருந்துச்சு. இப்ப கையுறையில ஒட்டுதுங்க. இது தண்ணி குடிக்குது போல இருக்கு."

நான் கணினியில் இருந்து தலையை எடுக்கவில்லை.

"தாள்ல உள்ளபடி செய்யுங்க அக்கா."

முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டார். அப்புறம் சரிங்க மிஸ் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். அந்தப் படிகள் செங்குத்து. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் அவர் ஏறுவார். அந்தச் சத்தம்கூட எனக்குத் தொந்தரவாக இருந்தது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விடுவது அதைவிட வெட்கம்.

டப்பாக்கள் தகட்டில் பூசுவதற்காகக் கொழும்புக்குப் போயின. ஐந்தாவது நாள் குழம்பு உறைந்துவிட்டது என்று செய்தி வந்தது. கலக்கும் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்தாலும் விழவில்லையாம். பணம் போட்டவர்களுக்குக் காட்ட வைத்திருந்த தூள் அது. மேடம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்.

அவர் சத்தம் போடும் ஆள் இல்லை. மிச்சமிருந்த தூளில் ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் கலக்கி, சோதனைத் தாளைத் தோய்த்தார். தாள் கருநீலமாக மாறியது. அவ்வளவு காரம். அதை என் பக்கம் தூக்கிக் காட்டினார். எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

"இதை எங்க ஆற விட்டனீர்?"

மாடியில் என்றேன்.

"ஆர் விட்டது?"

நான்தான் அப்படி எழுதினேன், மேடம். நாலே சொல். நாக்கு நுனியில் இருந்தது. நான் சொன்னதோ வேறு. எடுத்து ஆற வைக்கிறதெல்லாம் அவங்க பாக்கிற வேலை மேடம் என்றேன். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வந்தது.

அக்கா கதவோரம் நின்றிருந்தார். மேடம் அவர் பக்கம் திரும்பி, நீங்களோ என்று கேட்டார்.

"ஆமாங்க. நான்தான் ஆற வச்சேன்."

தாளைப் பற்றி வாயே திறக்கவில்லை. என் மேசைக்கு வந்து சொன்னதையும் சொல்லவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது நம்பத் தகுந்த கதை இல்லை.

அந்த வாரக் கடைசியில் கொழும்பு அலுவலகம் அவரை மட்டும் நிறுத்தியது. மற்ற இருவரும் அடுத்த தூள் நன்றாக வந்ததும் நிரந்தரமானார்கள். அக்கா தன் துண்டையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு, போயிட்டு வாறேங்க மிஸ் என்று என்னிடம் சொல்லிவிட்டே போனார்.

மேடம் வந்துபோன அன்றே தாளைக் கிழித்திருந்தேன். மேடம் சொன்னபடி புதுசு எழுதினேன். அடுத்த தூளைச் சூடாகவே டப்பாவில் கொட்டி, மூடி, நீளக் கையுறையோடு உலர் அறைக்கு ஓடினோம். புளிக்கவும் இல்லை, வியர்க்கவும் இல்லை. கொழும்பில் குழம்பு தகட்டில் வழுக்கிக்கொண்டு ஓடியதாம். மேடம் போனில் நல்ல வேலை என்றார். நன்றி மேடம் என்றேன்.

வாட்டும் மாடியில் ஒரு பலகை கழன்றிருந்தது. அதன் வழியே எதிர்மலை தெரியும். கொழுந்துக் கூடையோடு பெண்கள் வரிசையாக ஏறுவார்கள். வரிசையில் எப்போதும் ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளிக்குப் பின்னால் வருவது அக்கா. பலகையைத் திருப்பி அடிக்கச் சொல்லியிருக்கலாம். ஈரம் உள்ளே வரும் ஓட்டை அது, அடித்தே தீர வேண்டும். நான் அடிக்கச் சொல்லவில்லை. தினமும் போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டு வந்து வேலை செய்தேன். இரவில் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அலுப்பில் அடித்துப் போட்ட மாதிரி நன்றாகத் தூங்கினேன். காலையில் எழும்போதுதான் நெஞ்சில் கல் இருக்கும்.

இரண்டு மாதம் அப்படிப் போனது. ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பல்கலைக்கழகத்துக்குப் போய் மேடத்தின் அறைக் கதவைத் தட்டினேன். வழியெல்லாம் பேசிப் பழகிய வசனங்களில் ஒன்றுகூட வரவில்லை. மேடம், ஆறிய பிறகு அடைக்கணும்னு மாத்தி எழுதினது நான், அக்கா சரியில்லன்னு வந்து சொன்னாங்க, நான் காதுல வாங்கல்ல என்றேன். அவ்வளவுதான் வந்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எனக்குத் தெரியும். அண்டைக்கே சுவரில வாசிச்சனான். உம்மட கையெழுத்து எனக்குத் தெரியாதே?"

அப்புறம் ஏன் மேடம் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. என்ன உரிமையில் வந்ததோ தெரியாது.

நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தன் என்றார். பிறகு அடுத்த தூள் நன்றாக வந்துவிட்டது, வேலை ஓடத் தொடங்கிவிட்டது, தானும் அப்படியே விட்டுவிட்டாராம். உம்மை விட்டால் அந்த மலைக்கு வாற கெமிஸ்ட் ஆர் இருக்கினம் என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அவருக்கும் அதைச் சொல்ல அசிங்கமாகத்தான் இருந்திருக்கும். பிறகு அவர் கொழும்புக்குப் போன் போட்டார். மேற்பார்வையில் நடந்த பிழை, தொழிலாளியின் பிழை இல்லை என்று சொல்லி, அக்காவை நிரந்தரமாகவே திரும்ப எடுக்க வைத்தார். எனக்கு ஒரு விளக்கக் கடிதம்கூட வரவில்லை. அக்காவின் வேலையை எடுக்க ஒரு போன் போதுமாக இருந்தது, கொடுக்கவும் ஒரு போன் போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். அக்கா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார், வேண்டாம் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிழை என்னுடையது என்றேன், மன்னிச்சிருங்க அக்கா என்றேன். எண்ணெய்ப் போத்தலை மூடி வைத்துவிட்டு, விடுங்க மிஸ் என்றார். அழவில்லை, திட்டவில்லை, ஏன் இவ்வளவு நாள் என்று கேட்கவும் இல்லை. உள்ளே போய் எனக்குப் பால் இல்லாத பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தார். எப்ப வரணுங்க மிஸ் என்று மட்டும் கேட்டார்.

மறுநாளே வந்தார். எனக்குப் பெரிய சுமை இறங்கிய மாதிரி இருந்தது. அதன் பிறகு அவர் ஒரு நாள் பிந்தியதில்லை, ஒரு பிழை செய்ததில்லை. உலையைத் திறக்கும் முன் சுவருக்குப் போய், உதடு அசையத் தாளைப் படிப்பார். டப்பாவை எடுக்கும் முன் மறுபடி போய்ப் படிப்பார். மனப்பாடமாகத் தெரிந்த வரிகளைத்தான் அப்படிப் படிக்கிறார் என்று எனக்குத் தெரியும். முன்பெல்லாம் வேலைக்கு நடுவே அவர் வாய் ஓயாது. நிக்கல் கொஞ்சம் கரகரப்பாக இருக்கிறது, அரைக்கும் சத்தம் இன்றைக்கு வேறு மாதிரி கேட்கிறது என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். அதெல்லாம் நின்றுவிட்டது. கேட்டதற்குப் பதில். கேட்காவிட்டால் ஒன்றுமில்லை.

போன ஐப்பசியில் விடாத அடைமழை. ஒரு டப்பாவின் மூடி சரியாக உட்காராமல் இருந்ததைக் காலையில்தான் கவனித்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்ததோ தெரியவில்லை. சோதனைத் தாள்கள் தீர்ந்து போயிருந்தன. உலர் அறையில் அக்காவைக் கூப்பிட்டு, கொஞ்சம் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லுங்க அக்கா, ஈரம் ஏறியிருக்கா என்றேன்.

அவர் சுவரில் இருந்த, அறைக் காற்றின் ஈரத்தை மட்டும் காட்டும் ஈரமானியைப் போய்ப் பார்த்தார்.

"பதினெட்டு காட்டுதுங்க மிஸ்."

"மீட்டர் கிடக்கட்டும் அக்கா. உங்க கைக்கு என்ன தெரியுது?"

கையுறை போட்ட கைகளை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் டப்பாவின் மூடியை எடுத்து, விளிம்பைத் துடைத்து, அழுத்தி மூடினார்.

"எனக்கு என்னங்க மிஸ் தெரியும்."

கோபத்தோடு சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.